பதினொருவருக்குப் பின்னால் நிற்பவர்கள்

2009 ஜூலையில் பாகிஸ்தானுடனான முதல் டெஸ்டுக்காக இலங்கை அணி காலியில் கூடியபோது முத்தையா முரளிதரன் உபாதையால் ஒதுங்கியிருந்தார். குமார் சங்கக்கார அணித்தலைவராகக் களமிறங்கிய முதல் டெஸ்ட் அது. அந்த நேரத்தில் 31 வயது ரங்கன ஹேரத் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில் ஒரு கழக அணிக்காகப் பந்து வீசிக்கொண்டிருந்தார். 1999இலேயே டெஸ்ட் அறிமுகம் கண்டவர். ஆனால் முரளி ஆடும் காலத்தில் இரண்டாவது சுழற்பந்து வீச்சாளருக்கு எப்போதாவதுதான் இடம் கிடைத்தது. அழைப்பு வந்தது, விமானம் ஏறினார், நேரே காலிக்கு வந்தார். 168 ஓட்டங்கள் எடுத்தால் வெற்றி என்றிருந்த பாகிஸ்தான், நான்காம் நாள் காலையில் 117க்குள் சுருண்டது. ஹேரத் கொடுத்தது 15 ஓட்டங்கள், எடுத்தது 4 விக்கெட்டுகள்.

மறு ஆண்டு முரளி 800 விக்கெட்டுகளோடு டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விலகினார். அந்த வெற்றிடத்தை நிரப்ப ஆளே கிடைக்காது என்றார்கள். ஹேரத் 2018 வரை ஆடி 433 டெஸ்ட் விக்கெட்டுகளோடு அதே காலியில் விடைபெற்றார்.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹேரத் அன்று எங்கோ சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. சிறிய மைதானம், சிறிய கூட்டம் என்றாலும் ஒவ்வொரு கிழமையும் ஓவர் ஓவராக வீசிக்கொண்டிருந்தார். தோளும் விரலும் முதுகும் வேலையில் இருந்தன. ஓர் அணியின் மாற்று வரிசை என்பது குழாம் பட்டியலில் எத்தனை பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. அந்தப் பெயருக்குரியவர்களின் உடம்பில் எத்தனை ஓவர் ஏறியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதற்குப் பின்னால் கொஞ்சம் கணக்கும் நிறைய உடற்கூற்று அறிவியலும் இருக்கின்றன.

அமெரிக்கக் கால்பந்தில் இதே சிக்கலைக் கையாள்வதற்கென்றே முழுநேர ஊழியர்கள் இருக்கிறார்கள். அங்கே 'லைன்பேக்கர்' என்று ஓர் இடம் உண்டு. தற்காப்பு முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால் நின்று, பந்தோடு முட்டிக்கொண்டு வருபவரை ஓடிப்போய் மோதி வீழ்த்துவது அவர் வேலை. ஒவ்வொரு ஆட்டத்திலும் பலமுறை முழு வேகத்தில் மோத வேண்டியிருப்பதால் அந்த இடத்தில் உபாதை சகஜம். தேசிய கால்பந்து லீக்கில் ஓர் அணி 53 பேரை வைத்துக்கொள்ளலாம். ஒரு பருவத்துக்கு 17 ஆட்டங்கள். களத்தில் ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று, மிஞ்சினால் நான்கு லைன்பேக்கர்கள்தான் நிற்பார்கள், ஆனால் அணிகள் அதைவிடக் கூடுதலாகவே வைத்திருக்கும். அந்தக் கூடுதல் ஆட்களை அவர்கள் வாங்கில் குந்த வைப்பதில்லை. பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும் தருணங்களுக்கென்று தனி அணி இறங்கும். அதில் ஓடுபவர்களில் பலர் இந்த மாற்று லைன்பேக்கர்கள்தான். முதல் ஆள் விழும் நாளில், அடுத்த ஆள் அந்தப் பருவம் முழுக்க ஏற்கெனவே ஓடியும் மோதியும் இருப்பார். இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

கிரிக்கெட்டில் லைன்பேக்கரின் இடத்தில் நிற்பவர் வேகப்பந்து வீச்சாளர்.

ஏன் என்று பார்க்க, பந்து கையை விட்டுப் போகும் கணத்துக்குச் சற்று முன்னே போக வேண்டும். ஓடி வந்த வேகத்தில் முன்காலை நிலத்தில் ஊன்றும்போது தரை அவரைத் திருப்பித் தள்ளுகிறது. அந்த விசை உடல் எடையின் ஐந்து முதல் எட்டு மடங்கு வரை போகும் என்று அளந்திருக்கிறார்கள். 70 கிலோ எடையுள்ள இளைஞன் என்றால், கண் இமைக்கும் நேரத்தில் ஏறத்தாழ அரை தொன் சுமை அவன் காலில் இறங்குகிறது. அதே கணத்தில் இடுப்புக்கு மேலே உடம்பு பக்கவாட்டில் வளைந்து, முறுகி, பின்னுக்குச் சாய்கிறது. இந்த முறுக்கலின் பெரும் பங்கைச் சுமப்பது முதுகெலும்பின் அடிப்பகுதியில் உள்ள ஒரு சின்ன எலும்பு வளைவு. வலக்கையால் வீசுபவருக்குப் பெரும்பாலும் இடப்பக்கத்தில்தான் அது வெடிக்கும். இருபத்திரண்டு வயதுக்குள் இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் அந்த எலும்பு இன்னும் முழுமையாக இறுகி முடிந்திருக்காது.

எலும்பு உயிருள்ள பொருள். சுமை ஏறினால் அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. ஆனால் திருத்தும் வேலை இரண்டு கட்டங்களாக நடக்கிறது. முதலில் சில கலங்கள் வந்து தேய்ந்த பகுதியை அரித்தெடுக்கின்றன. அதற்குச் சுமார் மூன்று கிழமை. பிறகு வேறு கலங்கள் வந்து புதிய எலும்பை இடுகின்றன. அதற்கு ஏறக்குறைய மூன்று மாதம். இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் முன்னைவிட மெலிந்து நிற்கும். உழைப்பு படிப்படியாகக் கூடினால் எலும்பு ஈடுகொடுத்துக்கொண்டே போய், கடைசியில் முன்னைவிட உறுதியாகிறது. திடீரென்று இரட்டிப்பானால் மெலிந்த இடத்தில் கீறல் விழுகிறது.

ஆஸ்திரேலிய மருத்துவ ஆய்வாளர் ஜான் ஓர்ச்சர்டும் அவருடைய குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதோடு அப்படியே பொருந்துகிறது. ஒரே போட்டியில் 50 ஓவர்களுக்கு மேல் வீசிய வேகப்பந்து வீச்சாளர்களுக்கு, அடுத்த மூன்று நான்கு கிழமைகளில் உபாதை ஏற்படும் வாய்ப்பு கூடியிருந்தது. வீசிய அன்றைக்கோ மறுநாளோ அல்ல. ஒரு மாதம் கழித்து, எல்லாரும் அந்த நீண்ட போட்டியை மறந்துவிட்ட பிறகு! பயிற்றுநர்களும் தேர்வாளர்களும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய செய்தி இது. இன்று நன்றாக வீசுகிறான் என்பதால் அவன் உடம்பு தாங்கிக்கொண்டது என்று சொல்லிவிட முடியாது.

2014இல் வந்த இன்னொரு ஆய்வு, ஒரு கிழமையில் வீசிய அளவை முந்தைய நான்கு கிழமைகளின் சராசரியோடு ஒப்பிட்டுப் பார்த்தது. சராசரியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஒரே கிழமையில் வீசியவர்களுக்கு அடுத்த கிழமையில் உபாதை பல மடங்கு கூடுதலாக இருந்தது. அந்த விகிதத்தைக் கணக்கிடும் முறையைப் புள்ளியியலாளர்கள் பின்னர் கடுமையாக விமர்சித்தார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஒரு தனி எண்ணைப் பிடித்துக்கொண்டு முடிவெடுப்பது தவறு. ஆனாலும் அடிப்படைச் செய்தி நிற்கிறது: பழகாத உடம்பில் திடீர்ச் சுமை ஏற்றக் கூடாது.

மாற்று வரிசையில் இருப்பவருக்கு வரும் ஆபத்தே இதுதான். அணியோடு ஊர் ஊராகப் போகிறார், ஆட வாய்ப்பில்லை, வலையில் நாலு ஓவர் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். ஒரு மாதம் கழித்து முதல் ஆள் விழுகிறார். இவரைக் கூப்பிட்டு ஒரே நாளில் இருபது ஓவர் வீசச் சொல்கிறார்கள். ஓய்வாக இருந்த ஆள்தானே, புதிதாக இருப்பார் என்று நினைக்கிறோம். உண்மையில் அணியிலேயே முறிவதற்கு மிக அருகில் நிற்பவர் அவர்தான்.

இப்போது எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்குக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் பல ஆண்டுகளாகச் சேர்த்த பதிவுகளின்படி, எந்த நேரத்தில் பார்த்தாலும் வேகப்பந்து வீச்சாளர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு உபாதையில் இருப்பார்கள். அதாவது ஒருவர் ஆடத் தயாராக இருக்கும் வாய்ப்பு 80 விழுக்காடு. அணிக்கு மூன்று பேர் வேண்டும், குழாமில் மூன்றே பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். மூவரும் ஒரே நாளில் நலமாக இருக்கும் வாய்ப்பு 0.8ஐ மூன்று முறை பெருக்கினால் வருவது, அதாவது 51 விழுக்காடு. பாதிக்குப் பாதிதான். நான்கு பேர் இருந்தால் அவர்களில் மூவராவது தேறும் வாய்ப்பு 82க்கு ஏறுகிறது. ஐந்து பேர் என்றால் 94. ஆறு பேர் என்றால் 98. நான்காவது ஆள் கொண்டுவரும் பலன் மிகப் பெரியது, ஆறாவது ஆளுடையது சிறியது. பத்துப் பேரை ஒப்பந்தத்தில் வைத்துச் சம்பளம் கொடுப்பதைவிட, ஐந்தாறு பேரைத் தொடர்ந்து ஆட வைப்பது சிறிய நாட்டுக்கு மேல்.

இந்தக் கணக்கில் ஒரு பலவீனம் உண்டு. ஒருவர் விழுவது மற்றவரைப் பாதிக்காது என்று அது எடுத்துக்கொள்கிறது. களத்தில் அப்படி நடப்பதில்லை. ஒருவர் நடுவில் வெளியேறினால் அவருடைய மிச்ச ஓவர்களை மற்ற இருவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அவர்களுடைய சுமை ஏறுகிறது, மூன்று கிழமையில் அடுத்தவர் விழுகிறார். ஒரு சங்கிலி தொடங்குகிறது.

அப்படியொரு சங்கிலி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2020-21இல் ஆஸ்திரேலியா போன இந்திய அணியைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. இஷாந்த் சர்மா உபாதையால் பயணத்துக்கே வரவில்லை. அடிலெய்டில் ஆஸ்திரேலியாவின் கம்மின்ஸ் வீசிய பந்து பட்டு முகமது ஷமியின் கை முறிந்தது. மெல்பர்னில் உமேஷ் யாதவின் கெண்டைக்கால் தசை. சிட்னி முடிந்ததும் பும்ராவுக்கு வயிற்றுத் தசை, அஸ்வினுக்கு முதுகு, ஜடேஜாவுக்குப் பெருவிரல். 2021 ஜனவரி 15இல் பிரிஸ்பேன் காபா மைதானத்தில் நான்காவது டெஸ்ட் தொடங்கியபோது இந்தியாவின் ஐந்து பந்துவீச்சாளர்கள் சிராஜ், சைனி, ஷர்துல் தாக்கூர், நடராஜன், வாஷிங்டன் சுந்தர். அந்த ஐவரும் அதற்கு முன் எடுத்திருந்த டெஸ்ட் விக்கெட்டுகளைக் கூட்டினால் 11. எதிரே நின்ற ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர்கள் நால்வரின் கூட்டுத்தொகை ஆயிரத்தைத் தாண்டியது. 1988க்குப் பிறகு அதுவரை ஆஸ்திரேலியா அந்த மைதானத்தில் தோற்றதே இல்லை.

முதல் நாளிலேயே சைனி தன் எட்டாவது ஓவரில் தொடையிடுக்கைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். மிச்சமிருந்த ஒரு பந்தை ரோஹித் சர்மா வீசினார். உபாதைச் சங்கிலியில் இன்னொரு கண்ணியும் சேர்ந்த நாள் அது. ஆனாலும் முதல் இனிங்ஸில் நடராஜன், தாக்கூர், சுந்தர் மூவரும் ஆளுக்கு மூன்று விக்கெட். இரண்டாவது இனிங்ஸில் சிராஜ் 73க்கு 5. கடைசி நாளில் இந்தியா மூன்று விக்கெட்டால் வென்றது, தொடரையும் கைப்பற்றியது.

உலகம் அதை அற்புதம் என்றது. அற்புதத்துக்கு முன்னால் என்ன இருந்தது என்று பாருங்கள். சிராஜ் பல ஆண்டுகளாக இந்திய 'ஏ' அணிக்கு வீசி வந்தவர். 2018 செப்டம்பரில் பெங்களூரில் ஆஸ்திரேலிய 'ஏ' அணிக்கு எதிராக ஒரே இனிங்ஸில் 59க்கு 8 எடுத்தவர். அவருக்கு ஆஸ்திரேலியத் துடுப்பாட்டக்காரர்கள் புதியவர்களாக இருக்கவில்லை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜன் அந்தப் பயணத்துக்குப் போனது வலைப் பந்துவீச்சாளராக. முன்னணித் துடுப்பாட்டக்காரர்களுக்குத் தினமும் பயிற்சிக்காக வீசுவதுதான் அவர் வேலை. வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் உபாதை என்றதும் இருபது ஓவர் குழாமில் சேர்த்தார்கள். சைனிக்கு முதுகு பிடித்தபோது ஒருநாள் குழாமில் சேர்த்தார்கள். டிசம்பர் 2இல் ஒருநாள் அறிமுகம், 4இல் இருபது ஓவர் அறிமுகம், ஜனவரி 15இல் டெஸ்ட் அறிமுகம். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். ஐபிஎல் முடிந்த கையோடு போனவர், வலையில் நாள்தோறும் வீசியவர். அவருடைய எலும்பும் தசையும் ஓய்ந்திருக்கவில்லை. பெருந்தொற்றுத் தனிமைப்படுத்தலால் ஊரிலிருந்து ஆளை அனுப்ப முடியாது என்று பெரிய குழுவாகக் கூட்டிப்போனது, ஹேரத்தை இயக்கத்தில் வைத்திருந்த கழக லீக் செய்த வேலையையே செய்தது.

வாஷிங்டன் சுந்தர் இந்த விளக்கத்துக்குள் முழுமையாக அடங்கமாட்டார். அவர் அதற்கு முன் முதல்தர ஆட்டம் ஆடி மூன்று ஆண்டுகள் தாண்டியிருந்தன. திறமை சில நேரம் ஆயத்தத்தையும் தாண்டிப் போகும். ஆனால் அவர் சுழற்பந்து வீச்சாளர். முன்காலில் அரை தொன் இறங்கும் வேலை அவருடையதல்ல.

நடராஜனுக்கு 2021 ஏப்ரலில் முழங்காலில் சத்திர சிகிச்சை நடந்தது. காபாவுக்குப் பிறகு அவர் டெஸ்ட் ஆடவில்லை. மாற்று வரிசையைப் புகழ்ந்து எழுதும்போது இந்த வரியையும் சேர்த்தே எழுத வேண்டும். மாற்று ஆளுக்கும் மாற்று ஆள் தேவை.

இலங்கையின் பக்கம் திரும்பினால் 2023 உலகக் கிண்ணம் நினைவுக்கு வருகிறது. வனிந்து ஹசரங்க பின்தொடைத் தசை உபாதையால் இந்தியாவுக்கே போகவில்லை. போட்டி நடக்கும்போதே அணித்தலைவர் தசுன் ஷானக தொடை உபாதையால் வெளியேறினார். மதீஷ பத்திரன தோள் உபாதையால் போனார். லஹிரு குமார பயிற்சியில் தொடையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பதிலாக வந்த துஷ்மந்த சமீர, தானே உபாதையிலிருந்து மீண்டுவந்தவர். ஒன்பது ஆட்டங்களில் இரண்டு வெற்றி, ஒன்பதாவது இடம், 2025 சாம்பியன்ஸ் கிண்ணத்துக்கான தகுதியும் போனது. இடதுகை வீரர் டில்ஷான் மதுசங்க ஒன்பது ஆட்டத்திலும் ஓடி 21 விக்கெட் எடுத்தார் என்பது அந்த இருளில் ஒரு வெளிச்சம்.

நம்மிடம் கழகங்களுக்குப் பஞ்சமில்லை. இருபதுக்கும் மேற்பட்ட கழகங்கள் முதல்தர ஆட்டம் ஆடியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் ஆறே மாநில அணிகள். ஆனால் ஆறு அணிக்குள் நுழைய நடக்கும் போட்டி, அங்கே இரண்டாவது வரிசையையும் டெஸ்ட் தரத்தில் வைத்திருக்கிறது. இத்தனை கழகங்களில் அந்த அழுத்தம் கரைந்துபோகிறது, அவற்றில் பெரும்பாலானவை கொழும்பையும் அதன் சுற்றையும் விட்டு நகர்வதில்லை. ஐந்து நகரங்களின் பெயரில் 2022இல் தொடங்கிய தேசிய சுப்பர் லீக் இதைத் திருத்தும் முயற்சி. யாழ்ப்பாணமும் கண்டியும் அதில் இருப்பது நல்லது. நுவரெலியா மாவட்டம் அந்த வரைபடத்தில் இன்னும் ஏறவில்லை.

அந்த மாவட்டத்துக் கந்தப்பளையில் இருந்து பார்க்கும்போது இந்த இடைவெளி நன்றாகத் தெரிகிறது. கடல் மட்டத்திலிருந்து 1,900 மீட்டருக்கு மேலே, கரட்டும் லீக்ஸும் தேயிலையும் போட்டி போடும் சரிவுகளுக்கு நடுவே, தட்டையான நிலம் கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்த இடத்தில் பிள்ளைகள் மென்பந்து ஆடுகிறார்கள். கடினப்பந்தும் அதற்கான கால்காப்பும் கையுறையும் ஒரு தோட்டத் தொழிலாளியின் பல நாள் சம்பளம். மென்பந்து ஆடியவன் மேலே போக முடியாது என்று யாராவது சொன்னால் நடராஜனைக் காட்டுங்கள். இருபது வயது வரை அவர் ஆடியது ரப்பர், டென்னிஸ் பந்துகளில்தான். துடுப்பாட்டக்காரரின் காலடியில் குத்தும் அவருடைய யோர்க்கர் பந்து அங்கே பிறந்தது. காலிக்கு அருகே ரத்கமவில் வளர்ந்த இலங்கை வேகப்பந்து வீச்சாளர் லசித் மாலிங்கவும் மென்பந்தில் பழகியவர்தான். டென்னிஸ் பந்தின் எடை 60 கிராமுக்கும் குறைவு, கடினப்பந்து 160 கிராம் அளவில் இருக்கும். கைக்கும் தோளுக்கும் அந்த வித்தியாசம் பெரிது, அதனால் மாறும்போது மெல்ல மாற வேண்டும். முன்காலில் இறங்கும் சுமை பந்தின் எடையால் வருவதல்ல, ஓடிவரும் உடம்பால் வருவது. தேயிலை மலையில் ஏறி இறங்கி, மென்பந்தை முழு வேகத்தில் வீசி வளர்ந்த பிள்ளையின் எலும்பு ஏற்கெனவே பாதிப் பாடம் படித்திருக்கிறது.

முரளிதரனின் பாட்டனார் தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். முரளியும் சிறுவயதில் மிதவேகப் பந்துவீச்சாளர்தான். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ, பதினான்கு வயதில் அவரைச் சுழற்பந்துக்கு மாற்றினார். ஓர் இடத்தில் நிறைய ஆள் இருக்க, இன்னோர் இடத்துக்குப் பொருத்தமான உடம்பைக் கண்டறிந்து மாற்றுவதும் மாற்று வரிசையைக் கட்டும் கலையில் ஒரு பகுதி. அதற்கு அருகில் ஒரு கண் இருக்க வேண்டும். கண்டியில் அந்தக் கண் இருந்தது.

தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுவதைப் பார்த்தவர்களுக்குச் சுழற்சி முறையை விளக்க வேண்டியதில்லை. எந்தத் தோட்டத்திலும் எல்லா மலையையும் ஒரே ஆண்டில் வெட்டமாட்டார்கள். ஒரு மலை வெட்டுப்பட்டுத் துளிர்க்கும்வரை மற்ற மலைகளில் கொழுந்து எடுப்பார்கள். பந்துவீச்சாளர்களையும் இப்படி முறை வைத்துத்தான் ஆட வைக்க வேண்டும். நல்ல உடம்போடு இருக்கும்போதே ஒருவருக்கு ஓய்வு கொடுத்தால்தான் மற்றவருக்கு ஓவர் கிடைக்கும்.

இதைத் தேசிய அணிதான் செய்ய வேண்டும் என்பதில்லை. நம்முடைய தோட்டத்துப் பாடசாலைகளிலும் இளைஞர் கழகங்களிலும் ஒரு அப்பியாசக் கொப்பி போதும். நன்றாக வீசும் பையன் ஒருவன் இருந்தால், போயா நாள் போட்டியில் காலையிலிருந்து மாலைவரை அவனையே வீச வைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அவன் எங்கள் வீரன் என்ற பெருமையில்தான் அப்படிச் செய்கிறோம், ஆனால் அவன் முதுகைத் தின்பது அந்தப் பெருமைதான். இங்கிலாந்து கிரிக்கெட் சபை இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு எல்லை வகுத்திருக்கிறது: 13 வயதுக்குட்பட்டோர் ஒரு தொடர்ச்சியில் 5 ஓவர், ஒரு நாளில் 10, 15 வயதுக்குட்பட்டோர் 6, 12, 17 வயதுக்குட்பட்டோர் 7, 18. இதை மைதானத்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் அந்தக் கிழமை வீசிய பந்துகளை வலைப்பயிற்சியையும் சேர்த்துக் கொப்பியில் குறியுங்கள். முதுகின் ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது என்று ஒரு பையன் சொன்னால் தைலம் தேய்த்து மறுபடி இறக்காமல் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். இரண்டாவது, மூன்றாவது பந்துவீச்சாளனுக்கும் ஒவ்வொரு போட்டியிலும் ஓவர் கொடுங்கள், தோற்கும் ஆட்டமாக இருந்தாலும் கொடுங்கள்.